நல்ல முகம் தேடிப் போன நாள்

அக்கா,

போன சனிக்கிழமை ஹாஃப் மூன் பே போயிருந்தோம். கடலோரக் கடையில் மகள் தன் தட்டிலிருந்த உருளைக்கிழங்கு வறுவலின் மேல் வினிகர் பாட்டிலைக் கவிழ்த்தாள். சூட்டில் பட்ட அந்தப் புளிப்பு வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. “இட்ஸ் ஜஸ்ட் வினிகர், அம்மா” என்றாள். நானும் ஆமாம் என்று தலையாட்டிவைத்தேன். நீங்கள் கண்மூடி ஒரு மாதம் ஆகிறது. உங்களைத் தெரிந்தவர்கள் பக்கத்தில் யாரும் இல்லாத ஊரில், அழுவதற்கு வினிகர் ஒரு நல்ல சாக்கு.

எவ்வளவு அசட்டுத்தனமாக உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்! அமெரிக்க விசா முத்திரைக்கு இந்தியா போனால் மாதக்கணக்காகும், லண்டனில் நாலே நாளில் முடிந்துவிடும் என்று யாரோ வாட்ஸ்அப் குழுவில் போட்டதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். இரண்டு வயது மகளைச் சன்னிவேலில் கணவரிடம் விட்டுவிட்டு, ஒரு கைப்பெட்டியோடு கிளம்பினேன். கூடுதலாகச் சரிபார்க்க வேண்டும் என்று தூதரகத்தில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எப்போது வரும் என்று கேட்டால் பதில் இல்லை. ஓட்டலில் எத்தனை நாள்தான் இருப்பது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, ஆபீசில் என் பக்கத்து இருக்கைக்காரரான உங்கள் தம்பி போனில் சொன்னார்: “லண்டன்ல என்ர அக்கா இருக்கிறா. அங்க போய் நில்லுங்கோ.”

முன்பின் தெரியாத என்னிடம் கதவைத் திறந்ததும் நீங்கள் கேட்டது, “நீர் சாப்பிட்டீரோ?” யாழ்ப்பாணத் தமிழ் எனக்குப் புதிது; எங்கள் ஊரில் நாடக மேடை ராஜாக்கள்தான் அப்படிப் பேசுவார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் இடியாப்பம் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. தினமும் வீடியோவில் மகளைப் பார்ப்பேன். பார்த்த நொடியிலேயே அழுவேன். அவளும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு என் முகம் திரையில் தெரிந்ததுமே எழுந்து அடுத்த அறைக்குப் போக ஆரம்பித்தாள். “வர மாட்டேங்கறா. ஃபோர்ஸ் பண்ணா இன்னும் அழறா” என்றார் கணவர். என் பிள்ளை என்னை மறந்துகொண்டிருக்கிறாள் என்று உங்கள் சமையலறையில் உட்கார்ந்து புலம்பினேன். நீங்கள் அடுப்பை விட்டுத் திரும்பக்கூட இல்லை.

“பிள்ளை உம்மை மறக்கேல்லை. அழுற ஆளைப் பாக்கத்தான் அதுக்குப் பயம். நாளைக்கு நான் லீவு போடுறன். கடலுக்குப் போய் உமக்கு ஒரு நல்ல முகம் எடுத்துக்கொண்டு வருவம்.”

ஒரு முகத்துக்காக ரயில் ஏறியவர்கள் நாமாகத்தான் இருப்போம்.

விட்ஸ்டபிள் என்ற கடலோர ஊரில் இறங்கினோம். கூழாங்கல் கரை, நிறம் நிறமாய் மரக்குடில்கள், மேலே சாம்பல் வானம். ஆனால் நீங்கள் ஊர் பார்க்க வந்தவர்போல நடக்கவில்லை, பந்திக்கு வந்தவர்போல நடந்தீர்கள். வேகவைக்காத சிப்பியில் எலுமிச்சை பிழிந்து ஒரே வாயில் இறக்கிவிட்டு, “முழுக் கடலும் உள்ள போகுது, சாப்பிட்டுப் பாரும்” என்றீர்கள். நான் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்ற கோலத்தைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர் கைதட்டினார். நீங்கள் முதல் நாள் பொரித்த, காரம் தூக்கலான மட்டன் ரோல்ஸைப் பையிலிருந்து எடுத்தபோது ஒரு சீகல் பறவை பாய்ந்து, உங்கள் கையிலிருந்ததை அப்படியே கவ்விக்கொண்டு போனது. “அடி மூதேசி! உறைப்பெண்டு கத்தப் போறாய்!” என்று ஆங்கிலேயக் கடற்கரை அதிர நீங்கள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மறுபடி ரயிலேறிப் பிராட்ஸ்டேர்ஸில் ஐஸ்கிரீம், ஒரு சின்னத் தூக்கம். மார்கேட் போய்ச் சேர்ந்தபோது தூறல். கடலைப் பார்த்தபடி கூரை போட்ட ஒரு பெஞ்சில், மடியில் மீனும் வறுவலுமாய் ஆளுக்கொரு பொட்டலம், வினிகர் சொட்டச் சொட்ட. அங்கேதான் உங்கள் கதையைச் சொன்னீர்கள். நீங்கள் அகதியாக வந்தது, மகனை யாழ்ப்பாணத்தில் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தது, பேப்பர் கிடைக்க வருடக்கணக்கானது.

“போன் காட் காசு முழுக்க அழுதே முடிச்சனான். அவன் என்ர அழுகையைக் கேட்டுத்தான் வளந்தவன். எயார்போட்டில வந்து இறங்கினோன்ன என்னை ‘அன்ரி’ எண்டவன்.”

பெற்ற அம்மாவையே ஆன்ட்டி! நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். “சாப்பிடும், ஆறுது” என்றீர்கள்.

அப்போது கணவர் அழைத்தார். அங்கே காலை நேரம். திரையில் வெறும் சோபா. என் தலைமுடி காற்றில் பறந்துகொண்டிருந்தது, வாயெல்லாம் எண்ணெய். எனக்கு என்ன தோன்றியதோ, அந்த வெறும் சோபாவைப் பார்த்துச் சீகல் ரோல்ஸ் திருடிய கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். நீங்கள் உடனே எழுந்து, போட்டிருந்த கோட்டை இறக்கையாக விரித்து, கிறீச்சென்று கத்திக்கொண்டு என் கையிலிருந்த வறுவலைப் பறித்தீர்கள். சோபாவின் ஓரத்தில் ஒரு கண் தெரிந்தது. பிறகு பாதி முகம். பிறகு “அகெய்ன்!” என்று ஒரு குரல். தூறலில் நடந்து போனவர்களெல்லாம் நின்று பார்க்க, ஐம்பது வயதில் நீங்கள் எத்தனை முறை பறவையானீர்கள்!

பாஸ்போர்ட் வர இன்னும் பல வாரம் பிடித்தது. ஆனால் மகள் அதன் பிறகு ஒரு நாளும் எழுந்து போகவில்லை. உங்கள் சமையலறையில் சாயங்காலம்தோறும் ஒரு சீகல் இருந்தது. நான் திரும்பி வந்த அன்று விமான நிலையத்தில் அவள் “அம்மா” என்று கத்திக்கொண்டு, தள்ளுவண்டிகளுக்கு நடுவே ஓடி வந்தாள்.

உங்கள் கடைசிப் பயணத்துக்கு என்னால் வர முடியவில்லை. இணையத்தில்தான் பார்த்தேன். உங்கள் மகன் பேசினார். பேசி முடிக்கும்வரை அம்மா, அம்மா என்றுதான் சொன்னார், அக்கா. அதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

ஹாஃப் மூன் பேயிலிருந்து திரும்பும்போது காரில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் இரண்டு வயதில் நான் உன்னை விட்டுவிட்டு வெகுநாள் லண்டனில் மாட்டிக்கொண்டிருந்தேன் என்றேன். தீர்மானமாக இல்லையென்று தலையை ஆட்டினாள்.

“நோ அம்மா. யூ வேர் ஆல்வேஸ் ஹியர்.”

நான் திருத்தவில்லை, அக்கா.