சீட்டுக்கு அடியில் இருந்த சுவிட்ச்

வெள்ளிக்கிழமை, இரவு

களவு போன பழைய பிக்கப் வீடு வந்துவிட்டது. வண்ணாத்திவில்லுப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் நின்றதாம். பூட்டு உடையவில்லை. ஒரு வயர்கூட அறுபடவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. சீட்டுக்கு அடியில் நான் ஒளித்து வைத்த சுவிட்சைப் போடாமல் அந்த வண்டி ஸ்டார்ட் ஆகாது. அந்த இடம் எனக்கும் என் மனைவி பரீனாவுக்கும் மட்டுமே தெரியும்.

காலையில் அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் சுவிட்சை இடம் மாற்றினேன்.

ஜும்ஆ தொழுகை முடிந்து அவளுடைய காக்கா, மூத்த அண்ணன், விசாரிக்க வந்தார். மாமா எங்கள் கலியாணத்துக்குச் சீதனமாகத் தந்த வண்டி அது. மூத்த மகனான தனக்கே அது சேர வேண்டியது என்று அன்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருப்பவர். இன்று வாய் நிறையப் புத்திமதி.

"ஸ்டியரிங்குக்குச் சங்கிலி போடுங்க மச்சான். இந்தக் காலத்துல ஆரையும் நம்பேலா."

"ஓம் மச்சான்," என்று சாவியை நீட்டினேன். "வெயில்ல நிக்குது. கொஞ்சம் நிழலுக்கு எடுத்து விடுங்களேன்."

ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போடுவதற்கு முன்பே அவருடைய கை சீட்டுக்கு அடியில் போனது. துழாவியது. பிறகு அப்படியே நின்றது.

"என்ன தேடுறீங்க?"

"செருப்பு கழண்டுட்டு."

செருப்பு இரண்டும் எங்கள் வாசலில் கிடந்தன. வெறுங்காலோடுதான் ஏறியிருந்தார்.

ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் போய்விட்டார். போகட்டும், கள்ளன்.

பரீனா எல்லாவற்றையும் ஜன்னலில் நின்று பார்த்தாள். இப்போதுதான், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி, கேட்கிறாள்.

"சுவிட்ச இப்ப எங்க வச்சிருக்கீங்க?"

பதில் சொல்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.