ஜாடியில் இருந்த இன்னொரு விலாங்கு

செவ்வாய், இரவு

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் அம்மா ஏலத்தில் எடுத்த மீன்கூடையில் கிடைத்த விலாங்கு புது இனம் என்று நம்பியிருந்தேன். ஒன்றை மட்டும் வைத்துப் பெயர் சூட்ட என் ஆராய்ச்சிக் கைடு சம்மதிக்கவில்லை. இன்று பிரான்சில் உள்ள ஓர் அருங்காட்சியகத்திலிருந்து, அங்கிருக்கும் ஒரு விலாங்கின் எக்ஸ்ரே படம் வந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கிருந்து போன விலாங்கு அது, வேறொரு இனத்தின் பெயரில் ஜாடியில் கிடந்திருக்கிறது. முதுகெலும்பைக் கணுக்கணுவாக எண்ணிப் பார்த்தேன். இரண்டும் ஒரே இனம்தான்.

அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப புதுசு இல்லன்னு ஆயிடுச்சா?"

"இல்லம்மா. அதுக்கும் தப்பான பேருதான் வச்சிருக்காங்க. இப்ப ரெண்டு இருக்கு, நாம பேரு வைக்கலாம்."

"என் பேர வச்சிடாத. மார்க்கெட்ல சிரிப்பாளுங்க."

கட்டுரையில் அவள் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டாம் என்றாலும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நாளைக்கு இன்னொரு முறை கேட்டுப் பார்க்க வேண்டும்.