கடைசி பெஞ்சின் பின்னூட்டங்கள்

மார்ச் 4

மைத்துனன் மத்தியானம் வந்தான், வரும்போதே சிரிப்பு. நான் புத்தக விமர்சனம் எழுதிவரும் இணையதளம், அதில் உள்ள எழுத்தையெல்லாம் ஏதோ ஒரு செயற்கை நுண்ணறிவு நிறுவனத்துக்குப் பயிற்சிக்கென்று தூக்கிக் கொடுத்துவிட்டதாம். “மனுஷங்க யாரும் படிக்கல மச்சான். மெஷினாவது படிச்சுதேன்னு சந்தோஷப்படுங்க.”

இவன் அக்கா உயிரோடு இருந்திருந்தால் அவளும் சேர்ந்து சிரித்திருப்பாள்.

மார்ச் 6

தளத்துக்கு எழுதினேன். என்னைக் கேட்டீர்களா? ஒரே கேள்வி.

மார்ச் 11

பதில் வந்தது. சேரும்போதே நான் சம்மதித்துவிட்டேனாம், நிபந்தனைகளில் இருக்கிறதாம். அந்த நீளத்தை எவன் படிப்பான்? பிடிக்காவிட்டால் கணக்கை நீக்கிக்கொள்ளலாம். இயந்திரம் கற்றது கற்றதுதான். வீட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனவன், வேண்டுமானால் இனிமேல் பூட்டிக்கொள்ளுங்கள் என்கிறான்.

மார்ச் 12

மகள் போனில்: “கோவத்துல எதுவும் பண்ணாதீங்கப்பா. கொஞ்சம் ஆறப்போடுங்க.”

ஆறப்போட்டுத்தானே அலுவலகத்தில் எனக்கு வரவேண்டிய நாற்காலியில் அந்த ஜால்ரா உட்கார்ந்தான்?

சாயங்காலம் கணக்கை நீக்கிவிட்டேன். நிச்சயமாகவா என்று கேட்டது. கீழே ஏதோ எச்சரிக்கை. ஆமாம் என்று அழுத்தினேன்.

மார்ச் 13

நிம்மதி.

மார்ச் 15

மகள் கேட்டாள்: “அம்மா எழுதினதெல்லாம் எடுத்து வச்சுட்டுத்தானே அழிச்சீங்க?”

ஐயோ.

ஒவ்வொரு விமர்சனத்தின் அடியிலும் அவள் இருந்தாள். ‘கடைசி பெஞ்ச்’ என்ற பெயரில், பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டே எழுதுவாள். ‘சார், ரெண்டாவது பத்தியிலயே கண்ணு சொக்குது.’ ‘கதாநாயகி மேல இவ்ளோ இரக்கமா? இங்க ஒருத்தி தனியா பாத்திரம் தேய்க்கிறா.’ சண்டையில் பேச்சு நின்றுபோன நாட்களில்கூடப் பின்னூட்டம் மட்டும் வந்துவிடும். அப்படித்தான் சமாதானம் ஆவோம்.

பதிவு போனால் அதன் கீழே உள்ளதும் போகும் — எச்சரிக்கையில் அதுதான் இருந்ததாம். நான் படிக்கவில்லை.

“அது அம்மாவோடதுப்பா” என்றாள். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

என்னைக் கேட்டாயா, என்னைக் கேட்டாயா என்று குதித்தேனே. அவளைக் கேட்டேனா நான்?

மார்ச் 19

மீட்க முடியாது என்று தளம் சொல்லிவிட்டது. மைத்துனன் வந்தான். கிண்டல் செய்யவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மார்ச் 22

மைத்துனன் மறுபடி வந்திருந்தான். கிளம்பும்போது மெதுவாகச் சொன்னான்: “அக்கா எழுதினதையும் அந்த மெஷின் படிச்சிருக்கும்ல, மச்சான்?”

போடா என்றேன்.

மார்ச் 27

அந்த மெஷினோடு பேசும் பக்கத்தைத் திறந்தேன். கடைசியாக எழுதி, அவளில்லாததால் வெளியிடாமலே வைத்திருந்த விமர்சனத்தை அதனிடம் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

‘ஆழமான பார்வை, நேர்த்தியான நடை. வாழ்த்துகள்!’

உண்மையைச் சொல் என்றேன். இன்னும் புகழ்ந்தது.

மூடிவிட்டேன். இரண்டாவது பத்தியை மறுபடி படித்துப் பார்த்தேன். நீளம்தான்.

நானே வெட்டினேன்.