நல்லதண்ணிக் கிணற்று வேலி

வேலணை
2024 யூலை 3, புதன்

கோபிசங்கரிடம் சொல்ல வேண்டியவை. கோபத்தில் குழம்பிப் போகாமல் ஒழுங்காக:

1. சாட்டிக் கடற்கரையில் சுற்றுலாக் கொட்டில் கட்டியது பிழையில்லை. என் அண்ணன் தன் மகன் இவனுக்கு விட்டுப்போன காணி. சுவிஸில் வளர்ந்தவன், இங்கே வந்து ஏதோ செய்கிறான், செய்யட்டும்.
2. வேலியில் ஆள் குனிந்து போக விட்டிருந்த பொட்டை அடைத்தது பிழை. பின் ஒழுங்கையில் குடியிருக்கிற சனம் அதற்குள்ளால் வந்துதான் அவன் காணிக் கிணற்றில் நல்லதண்ணி அள்ளுவது.
3. அந்தக் கிணற்றில் மோட்டர் போட்டது பெரிய பிழை. கரையோரக் கிணறு. வாளியால் அள்ளினால் நல்லதண்ணி. மோட்டர் உறிஞ்சினால் அடியிலிருந்து உவர் ஏறும்.
4. அந்தச் சனத்துக்காகப் பேச என்னைத் தவிர ஆளில்லை. பின் ஒழுங்கை நல்லம்மாவும் வாய் திறக்கமாட்டாள்.

யூலை 4

போனேன். சொல்லவில்லை.

பனங்கப்பு நட்டு, கிடுகு வேய்ந்து, நிலத்துக்கு வெறும் மணல். நேர்த்தியான கொட்டில்கள்தான். அதுவும் எரிச்சலாக இருந்தது. "சித்தப்பா, ஊஞ்சலில இருந்து பாருங்கோ" என்றான். கணிதம் படிப்பித்த மனிதன், ஊஞ்சலில் ஆடிவிட்டு வந்தேன்.

இடம்பெயர்ந்து நாங்கள் கிடந்ததும் கொட்டிலில்தான். அதற்கு ஒருவரும் பெயர்ப்பலகை மாட்டவில்லை.

யூலை 6, சனி

கொழும்பிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள். பாட்டு, கடதாசி விளையாட்டு, கடலில் ஒரு குளிப்பு, கிணற்றில் ஒரு குளிப்பு. மோட்டர் நிற்கவேயில்லை.

நல்லம்மா குடத்தோடு சந்திக் குழாயடிக்கு நடந்துபோனாள். "என்ன, இவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"நடந்தா உடம்புக்கு நல்லதெண்டு டொக்டர் சொன்னவர், மாஸ்ரர்." என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

யூலை 7

ஏன் என்னால கேக்க ஏலாது? அவன் அடிக்கவா போறான்? கதிரை தருவான், தேத்தண்ணி தருவான். அதோட என்ர வாய் அடைஞ்சுபோகும். அந்த மோட்டர் என்ர குசினிக்குள்ளயும் கத்துது.

யூலை 9

கோபி வந்தான். கொட்டிலில் நின்றவர்கள் தேத்தண்ணியைத் துப்பிவிட்டார்களாம்.

"தண்ணி கரிக்குது, சித்தப்பா. ஏன்?"

ஏனாம். மூன்றாவதைச் சொல்ல வாயெடுத்தேன். "கோடைதானே" என்று வந்தது. அவன் போனபிறகு விளக்குமாற்றை முற்றத்தில் எறிந்தேன். பிறகு நானே எடுத்து வைத்தேன்.

யூலை 10

விடிய வேலியை வெட்டுவேன். கத்தி தீட்டியாயிற்று.

யூலை 11

வேலியில் பொட்டு ஏற்கெனவே வெட்டியிருந்தது. நேற்றுப் பின்னேரம் நல்லம்மா வெட்டினாளாம்.

உள்ளே, மோட்டர் கழன்று மணலில் கிடந்தது. கோபி வாளிக்குக் கயிறு முடிந்துகொண்டிருந்தான். நல்லம்மா கிணற்றுக்கட்டில் இருந்துகொண்டு அவனை ஏவிக்கொண்டிருந்தாள்.

"அந்த முடிச்சு நிக்காது, தம்பி. அவிட்டுத் திருப்பிக் கட்டும். உம்மட ஆக்களுக்குக் குளிக்கக் கடல் கிடக்குது. கிணறு கொஞ்ச நாள் சும்மா கிடந்து ஊறட்டும்."

பிறகு என்னைக் கண்டாள்.

"மாஸ்ரர், விடியக் காலமை கத்தியோட எங்க? இளநி வெட்டவோ?"

"ஓம்" என்றேன்.

கோபி நிமிர்ந்தான். "மாடு பூந்திடுமெண்டுதான் அடைச்சனான், சித்தப்பா. அது ஆக்கள் வாற வழியெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

திரும்பி வந்துவிட்டேன். கோபம் அடங்கவில்லை. அவனில் இல்லை.

நாலாவதாக எழுதியது பிழை.