செக்ரட்டரியின் முதல் ஜெபம்

ஞாயிறு இரவு, அக்டோபர் 1998

தூக்கமே வரவில்லை. நான் சபை செக்ரட்டரியான பிறகு, சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அன்பின் விருந்து இன்றுதான் முதல் முறை. எங்கள் சபையில் செக்ரட்டரி ஜெபித்தால்தான் சாப்பாடு. பழக்க தோஷம், நானும் பழைய செக்ரட்டரி செல்வராஜ் அங்கிளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிரியாணி ஆறியது. அவர் குனிந்த தலை நிமிரவில்லை. தேர்தலில் என்னிடம் தோற்றவர். கோபம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

திடீரென்று அவர் குரல் கேட்டது.

"ஏம்மா ஸ்டெல்லா, எவ்ளோ நேரம் கண்ண மூடிட்டு உக்காந்திருக்கிறது? செக்ரட்டரி நீதானே, ஜெபம் பண்ணும்மா!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். என்ன ஜெபித்தேனோ, கர்த்தருக்குத்தான் தெரியும். நீலசந்திராவில் இருக்கும் வீடு வரை ஆட்டோகூடப் பிடிக்கத் தோன்றாமல் நடந்தே வந்தேன். வழியெல்லாம் காதில் ஒரே சத்தம். எல்லோரையும்விட உரக்க செல்வராஜ் அங்கிள் சொன்ன ஆமென்.