வியாழக்கிழமைக் கோப்புகள்

மார்ச் 3, செவ்வாய்

டாக்டரம்மா இன்று க்ளினிக்கை மூடி அறையைக் காலி செய்துவிட்டார். மனசு சரியில்லை என்று வருகிறவர்களோடு அவர் பேசுவார், பேசியதைக் கிறுக்கிக் கொடுப்பார், நான் கணினியில் அடித்துக் கோப்பாக வைப்பேன். பதினாறு வருடம் இதுதான் என் வேலை. கிளம்பும்போது ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க்கைக் கையில் திணித்தார். "பழைய குறிப்போட காப்பி. எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மேட் பண்ணிட்டு நீயே வெச்சுக்கோ."

சரி என்று தலையாட்டினேன். வாழ்நாளில் எதையும் ஃபார்மேட் செய்தது கிடையாது.

மார்ச் 4, புதன்

ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். டிஸ்க்கை எந்த முறையில் அமைக்கட்டும் என்று அது திருப்பி என்னைக் கேள்வி கேட்கிறது. என்.டி.எஃப்.எஸ்ஸா, எக்ஸ்ஃபேட்டா, ஃபேட் 32-ஆ? எனக்கெப்படித் தெரியும்? கீழே "க்விக் ஃபார்மேட்" என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் இருந்தது. அதுவே போட்டு வைத்திருக்கிறது, அதற்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன். பன்னிரண்டு விநாடி. முடிந்தது.

அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை பேர் அழுததெல்லாம் அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

"நிஜமாவே போயிடுச்சா?"

என் வேலையை எப்போதும் கிண்டல் செய்கிறவர். முகம் தெரியாதவங்ககிட்ட போய் மூக்கைச் சிந்தணுமா என்பார். இன்று ஏன் இரண்டு தடவை கேட்டார்?

மார்ச் 6, வெள்ளி

அம்மாவுக்குப் பிடித்த படங்களை டிஸ்க்கில் ஏற்றி டிவியில் செருகினேன். டிவி கண்டுகொள்ளவே இல்லை. கணினியில் எல்லாம் இருக்கிறது, டிவியில் ஒன்றும் இல்லை. ஒரே பொருள் ஒரு இடத்தில் இருக்கிறது, இன்னொரு இடத்தில் இல்லை — எப்படி?

மார்ச் 7, சனி

கணினி பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். கடை நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். பார்த்ததும் சொன்னாள்: "என்.டி.எஃப்.எஸ்ல போட்டிருக்கீங்கக்கா. உங்க டிவிக்கு அது புரியாது. ஃபேட் 32 எல்லாத்துக்கும் புரியும், ஆனா நாலு ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா இருந்தா ஏத்துக்காது. எக்ஸ்ஃபேட் போடலாம். முன்னாடி இதுல என்ன வெச்சிருந்தீங்க?"

சொன்னேன்.

"க்விக்காவா அழிச்சீங்க? அய்யோ. நீங்க வாசல்ல இருந்த பேர்ப்பலகையைத்தான் கழட்டியிருக்கீங்க. ஆளுங்க உள்ளயேதான் உக்காந்திருக்காங்க."

நான் நம்பவில்லை. அழிந்ததை மீட்கிற ஏதோ ஒரு புரோகிராமை அவள் ஓடவிட்டாள். திரையில் கோப்புகள் வரிசையாக எழுந்து வந்தன. நான் அடித்தவை, நான் வைத்த எண்கள்.

அதில் "வியாழன்" என்று ஒரு கோப்புறை. வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. அந்த உறையை நான் போட்டதே இல்லை. உள்ளே பதினோரு கோப்பு. உண்மையிலேயே திறக்குமா என்று பார்க்கத்தான் ஒன்றைத் தொட்டேன். டாக்டரம்மாவே அடித்தது, வரிக்கு வரி எழுத்துப்பிழை; திருத்தி எழுதுகிறேன்.

"வயது 71. கணவர் இல்லை. மகளுடன் வசிக்கிறார். மகள் இங்கேயே தட்டச்சு செய்வதால் வியாழனன்று மட்டும் வருவேன் என்கிறார். மகளுக்குத் தெரியக் கூடாது."

மூடிவிட்டேன். டிஸ்க்கைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

முழங்கால் பயிற்சி என்றுதானே அம்மா சொல்லிக்கொண்டு போனார்? வியாழக்கிழமை மத்தியானம், இஸ்திரி போட்ட புடவையில். முழங்கால் வலி குறைந்ததே இல்லை. நானும் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை.

பதினோரு தடவை. என்ன பேசியிருப்பார்? என்னைப் பற்றியா? நான் அப்படி என்ன செய்துவிட்டேன்? போன மாதம் மாத்திரை டப்பாவுக்காகக் கத்தினேனே, அதுவா? ஒண்ணுமே புரியல. எங்கிட்ட சொல்ல வாய் வரல, அங்க போய்ச் சொல்லத் தெரிஞ்சுதா? பக்கத்துப் பக்கத்துக் கட்டில்லதானே படுக்கிறோம்.

மீட்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. கடைக்காரப் பெண் ஓடவிட்டதன் பெயரைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

அந்தப் புரோகிராமைக் கணினியில் இறக்கிவிட்டேன். இன்னும் ஓடவிடவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

டாக்டரம்மாவுக்கு ஃபோன் செய்தேன். "மேடம், வியாழன்னு ஒரு உறை இருந்துது. முதல் நாலு வரி படிச்சிட்டேன்."

"யாரைப் பத்தியும் எங்கிட்டேருந்து ஒரு வார்த்தை வராது. அது உனக்கே தெரியும்."

"தெரியும் மேடம்."

"அதை உன் கையில கொடுத்தது என் தப்பு. ரொம்பப் பெரிய தப்பு. முழுசா அழிச்சிடுறியா?"

பதினாறு வருடத்தில் அவர் என்னிடம் கெஞ்சுவது போலப் பேசியது இதுதான் முதல் தடவை. சரி என்று சொன்னேனா, சும்மா வைத்துவிட்டேனா — நினைவில்லை.

மார்ச் 12, வியாழன்

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மா இஸ்திரி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பை மடியில். எங்கேயும் போகவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பையைக் கொண்டுபோய் உள்ளே மாட்டினார்.

பார்க்க முடியவில்லை எனக்கு.

மார்ச் 13, வெள்ளி

காலை ஏழு மணிக்குக் கணினியைத் திறந்தேன். மீட்கிற அந்தப் புரோகிராமை ஓடவிடாமலே அழித்தேன். எக்ஸ்ஃபேட். க்விக் ஃபார்மேட் கட்டத்தில் டிக்கை எடுத்தேன். இப்படிப் போட்டால் டிஸ்க்கின் ஒவ்வொரு இடத்திலும் பூஜ்யத்தை எழுதிக்கொண்டே போகுமாம். எழுத எழுத அடியில் இருப்பது போய்விடுமாம். சரி என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் மூன்று தடவை கையை எடுத்தேன். சரியா தப்பா என்று இந்த நிமிடம் வரை தெரியவில்லை.

பச்சைக் கோடு எறும்பு போல நகர்ந்தது. பத்து மணிக்குப் பாதிகூட ஆகவில்லை.

அம்மா வந்தார். "அன்னிக்குப் பன்னெண்டு செகண்ட்தானே ஆச்சு?"

"அது சரியா அழிக்கலம்மா. எல்லாம் உள்ளயே இருந்துது."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"வியாழக்கிழமைக் கோப்பும் இருந்துது. நாலு வரிதான் பாத்தேன். மிச்சத்தை நான் படிக்கலம்மா. இனிமே யாராலயும் படிக்க முடியாது."

கோபப்படுவார் என்று நினைத்தேன். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார்: "நீ எனக்காகத்தான் எங்கயும் போகாம, யாரையும் சேத்துக்காம இங்கயே கிடக்கிறே. அதை உங்கிட்ட கேட்டா இல்லேன்னுடுவே. அதான் அங்க போய்ச் சொன்னேன்."

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"பாத்தியா?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. எனக்குக் கண்ணும் நிறைந்துவிட்டது.

கோடு முடிய மத்தியானம் மூன்று மணி ஆயிற்று. அதுவரை அம்மாவும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். பேசியதை நான் இங்கே எழுதப்போவதில்லை.