வட்டமான பொருளுக்கு ஒரு மார்க்

என் சிட்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உங்கம்மாவும் நலம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். நலம் என்று எழுதியது பொய்யில்லை, ஆனால் போன வாரம் ஒரு சாயங்காலம் அது பொய்யாகிப்போக இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிடும்போதெல்லாம் உங்கம்மா என் முழங்கையை இடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். உன்னிடம் வாய் திறக்கக் கூடாது என்று அவள் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வேறு வாங்கிவிட்டாள். வாயைத்தானே திறக்கக் கூடாது, கை சும்மாதானே இருக்கிறது என்று வேனில் உட்கார்ந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் இருக்கிறது. பயப்படாமல் கடைசிவரை படி. உங்கம்மா இப்போது நன்றாக இருக்கிறாள், பயப்படுகிற வேலையை நான் ஒருவனே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணி, உன் ஆபீசில் எல்லாரும் ஒருவரோடொருவர் பழகுவதற்காகப் புதையல் வேட்டை வைக்கிறார்கள், அடுத்த மாதம் அதை நடத்துகிற பொறுப்பு உன் தலையில்தான் என்று சொன்னாயே, அப்போது உங்கம்மா துள்ளிக் குதித்து விடுகதைகளாக அவிழ்த்துவிட்டாளே, அதையெல்லாம் அவள் ஒரு கையில் துணி சுற்றிக்கொண்டுதான் சொன்னாள். அவள் கிடங்கில் வைத்த வேட்டை பிரமாதம் என்று உன்னிடம் அளந்தாள் பார், அது எப்படி முடிந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அந்தக் கிடங்கு உனக்குத் தெரியும், சின்ன வயதில் ஒருமுறை வந்திருக்கிறாய். பழம், உறைய வைத்த பட்டாணி, ஐஸ்கிரீம் என்று மலைமலையாக அடுக்கியிருப்பார்கள். சரக்குக் கணக்கு முழுக்க உங்கம்மா பொறுப்பு. புதிதாக வந்த மேனேஜர் நல்ல மனுஷன்தான், மாடியில் கம்ப்யூட்டரோடு இருப்பவர்களும் கீழே பெட்டி தூக்குபவர்களும் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லையே என்று வருத்தப்பட்டு, எல்லாரையும் கலந்து டீம் பிரித்து ஒரு புதையல் வேட்டை வையுங்கள் அக்கா என்று கேட்டிருக்கிறார். உங்கம்மாவுக்குக் கேட்கவா வேண்டும். வீடு முழுக்கத் துண்டுச் சீட்டுதான். என்னைப் பரிசோதனை எலியாக வைத்து ஒவ்வொரு விடுகதையாகக் கேட்டாள். ஏறி நின்றால் உண்மையைச் சொல்லும், யாருக்கும் பிடிக்காது, அது என்ன என்றாள். நான் உன் அத்தை என்றேன். எடை மெஷினாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஐஸ்கிரீமும் பட்டாணியும் உறைய வைக்கிற உள் அறை ஒன்று உண்டு, அதற்குள் யார் போனாலும் கதவுக்கு வெளியே இருக்கிற பலகையில் தன் டோக்கனை மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும், வெளியே வந்ததும் கழற்றிக்கொள்ள வேண்டும். ஆளுக்கொரு தகர வட்டம். கொக்கியில் டோக்கன் தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது, கதவைப் பூட்டாதே என்று அர்த்தம். கீழே வேலை செய்கிறவர்கள் யாரும் இதை மீறியதே இல்லை. உள்ளிருந்து திறக்கிற குமிழ் கொஞ்ச நாளாக இறுகிக் கிடந்ததும், மெக்கானிக் நாளைக்கு வருகிறேன் நாளைக்கு வருகிறேன் என்று இழுத்தடித்ததும் உங்கம்மாவுக்குத் தெரியும். டோக்கன்தான் இருக்கிறதே என்ற தைரியம். வேட்டையின் கடைசிச் சுற்றுக்கு உங்கம்மா என்ன எழுதினாள் தெரியுமா? வட்டமான பொருள் எது கொண்டுவந்தாலும் ஒன்றுக்கு ஒரு மார்க். அவள் நினைத்தது டேப் உருளை, தட்டு, டப்பா மூடி.

மூன்று டீமும் விசில் அடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, பட்டாணிப் பெட்டிக்கு அடியில் வைத்த சீட்டை யாருமே எடுக்கவில்லை என்று இவளுக்கு நினைவு வந்திருக்கிறது. சரக்கோடு காகிதம் போய்விட்டால் தன் பெயர்தானே கெடும் என்று, ஒரு நிமிஷ வேலைதானே என்று, தடித்த கோட்டுகூடப் போடாமல், டோக்கனை மட்டும் ஒழுங்காக மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே வந்தது மாடிக் கணக்குப்பிள்ளைப் பெண்ணின் டீம். பலகையில் ஒரு வட்டம் தொங்குவதைப் பார்த்ததும் விடுவார்களா. அது எதற்கென்றே தெரியாத அந்தப் பெண் கழற்றிக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் சரக்கு வண்டி ஓட்டுகிற தொந்தி அண்ணன் வந்திருக்கிறார். கதவு திறந்து கிடக்கிறது, கொக்கியில் ஒன்றும் இல்லை, குளிர் வீணாகிறதே என்று இழுத்துச் சாத்திக் கொண்டியைப் போட்டுவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை, விதிப்படிதான் செய்தார். இவள் உள்ளே இருந்து கத்தினாள், கதவு தலையணை மாதிரி தடிமன். ஆபத்து மணியை அழுத்தினாள். மணி காவலாளியின் அறையில் நன்றாகவே அடித்திருக்கிறது. இன்றைக்கு மணி அடிக்கும், விசில் அடிக்கும், எல்லாம் விளையாட்டு, நீங்கள் பாட்டுக்கு இருங்கள் என்று காலையில் அவரிடம் சொல்லி வைத்தது யார் தெரியுமா? உங்கம்மாதான்.

நான் வழக்கம்போல அவளைக் கூட்டிவரப் போனேன். எல்லாரும் டீயும் பிஸ்கட்டுமாக நின்றார்கள். அக்கா எங்கே என்றால் இப்பதான் பார்த்தோம், அந்தப் பக்கம் இருப்பாங்க என்று கை காட்டினார்கள். ஒருத்தன் அக்காவைக் கண்டுபிடிக்கிறதுதான் அடுத்த சுற்று போல என்றான், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பரிசு மேஜையில் வட்டமான சாமான்கள் குவிந்து கிடந்தன. வளையல், குப்பி மூடி, நாற்காலிச் சக்கரம்கூட இருந்தது. அதற்கு நடுவில் ஓரம் நசுங்கிய ஒரு தகர வட்டம். மறந்துபோய் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு என் வேன் கதவில் மாட்டி நசுங்கிய அம்மாவின் டோக்கன். இது இங்கே என்ன பண்ணுது என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். தொந்தி அண்ணன் முகம் வெளிறிப்போனது. டீயைக் கீழே போட்டுவிட்டு ஓடினார் பார், அந்த உடம்பு அப்படி ஓடும் என்று நான் நினைத்ததே இல்லை. நான் தினமும் வேனில் பிள்ளைகளின் தலையை எண்ணாமல் கதவைச் சாத்தாதவன், என் வீட்டுத் தலை ஒன்று குறைந்ததை பிஸ்கட் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கதவைத் திறந்தபோது அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறாள். புருவமெல்லாம் வெள்ளை. என்னைப் பார்த்ததும் உதடு கோணிக்கொண்டு ஏதோ சொன்னாள், குனிந்து கேட்டால், எந்த டீம் ஜெயிச்சது என்கிறாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், அத்தனை பேர் முன்னாலும். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது என்கிறார்கள். இரண்டு விரல் நுனியில் மட்டும் உணர்ச்சி வர நாளாகுமாம், மற்றபடி பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணக்குப்பிள்ளைப் பெண் தினமும் வந்து அழுதுவிட்டுப் போகிறாள், இவள்தான் அவளைத் தேற்றி அனுப்புகிறாள். குமிழை மறுநாளே மாற்றிவிட்டார்கள், மேனேஜரே பக்கத்தில் நின்று மாற்ற வைத்தாராம். இவள் வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டாள். அடுத்த வேட்டையை இன்னும் நன்றாக நடத்துகிறேன் என்கிறாள். நான் பால் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாலே கதவுக்குக் காலை முட்டுக் கொடுத்துக்கொள்கிறேன், அதற்கு அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கேலி வேறு. ஆனால் ஒன்று சொல்கிறேன், நீ கேட்காதது போல இருந்துகொள். அன்றிலிருந்து அவள் குளிக்கப் போகும்போது கதவைத் தாழிடுவதில்லை, சாத்திக்கொள்ளாமல் இருக்கச் செருப்பை இடையில் செருகி வைக்கிறாள். நான் பார்த்தேன் என்பது அவளுக்குத் தெரியாது.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஞாயிற்றுக்கிழமை நீ கடைசியாகச் சொன்னாயே, அடித்தளத்தில் பழைய பைல் வைக்கும் அறை ஒன்று இருக்கிறது, உள்ளே போனதும் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், கடைசித் துப்பை ஒளித்து வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது என்று. உங்கம்மா சட்டென்று பேச்சை மாற்றினாளே, கவனித்தாயா? வேண்டாம்டா கண்ணு. துப்பை மேஜைக்கு அடியில் ஒளி, பூந்தொட்டியில் ஒளி, உன் மேனேஜர் சட்டைப்பையில்கூட ஒளி, கதவு உள்ள சின்ன அறை மட்டும் வேண்டாம். உயிரைக் காக்கிற சாமான் எதற்கும் மார்க் போடாதே, தீயணைக்கிற சிலிண்டரோ, முதலுதவிப் பெட்டியின் சாவியோ, எதுவாக இருந்தாலும் சரி. மணி அடித்தால் கண்டுகொள்ளாதே என்று காவலாளியிடம் மறந்தும் சொல்லாதே. பரிசு கொடுப்பதற்கு முன்னால் தலையை எண்ணு, உன் தலையையும் சேர்த்து எண்ணு. வேட்டை நடத்துகிறவளை யாரும் தேட மாட்டார்கள், அதைத்தான் அன்றைக்கு நான் கண்ணால் பார்த்தேன்.

பிள்ளைகள் வர நேரமாகிவிட்டது. நீ நோய் நொடியில்லாமல் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும், உன் வேட்டை நன்றாக நடந்து உனக்கு நல்ல பெயர் வாங்கித் தர வேண்டும். நம் வீட்டு வாசற்கதவுக்குப் பக்கத்தில் நான் ஒரு பலகை அடித்திருக்கிறேன். பிஸ்கட் டப்பா மூடியை வெட்டி மூன்று வட்டம், உன்னுடையதில் உங்கம்மா ஒரு குருவி வரைந்தாள். வெளியே போகிறவர் மாட்டிவிட்டுப் போக வேண்டும், திரும்பி வந்து கழற்ற வேண்டும். பைத்தியக்காரத்தனம் என்று திட்டிக்கொண்டே அவளும் தினமும் மாட்டுகிறாள். உன்னுடையதை, நீ அங்கே வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து நான் மாட்டுகிறேன். அதனால் மறக்காதே, அறைக்குத் திரும்பியதும் வந்துட்டேன்னு ஒரு வார்த்தை போடு. அதைப் பார்த்த பிறகுதான் உன் குருவியை இறக்கிவிட்டு நம் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறேன்.

உன்னை எண்ணிக்கொண்டே இருக்கும்,
அப்பா